உண்ணி தரும் நோயும் ஊரார் திரட்டும் நிதியும்

கறவை மாடு வைத்திருக்கும் நம் அங்கத்தினர்க்கு உண்ணியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மாட்டின் காதடியிலும் மடியோரத்திலும் ஆமணக்குக் கொட்டைபோல் உப்பித் தொங்கும் அதனைப் பிடுங்கி எறிவது நம் வீட்டுச் சிறுவர்க்கும் பழகிய வேலை. பசுவின் மடியிலேயே இருந்தும் பாலை அறியாமல் குருதியையே உண்ணும் சிற்றுயிர் என்று நம் பெரியோர் அதனைப் பழித்ததும் உண்டு. ஆயினும் அதனை ஒரு தொல்லை என்று கருதினோமேயன்றி, மனிதர்க்கு நோய் கொண்டுவரும் தூதன் என்று நம்மில் பலர் கருதியதில்லை. பூச்சி என்று நாம் வழங்கினும், அது எட்டுக் கால்களையுடைய சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. கால்நடைகளுக்கு அது நோயைப் பரப்புகிறது என்பது 1893-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்னும் இரு அறிஞர்களால் நிறுவப்பட்டது. மனிதர்க்கும் அவ்வாறே என்பது சிறிது சிறிதாகவே விளங்கிற்று.

இவ்விஷயத்தை நமது பத்திரிகையில் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உண்ணியால் வரும் நோய்களைப் பற்றிய அறிவை வளர்ப்பதற்கும், அவற்றின் ஆராய்ச்சிக்குப் பொருள் சேர்ப்பதற்கும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சாதாரணக் குடும்பத்தார் ஒன்றுகூடித் தரும ஸ்தாபனங்களை அமைத்திருக்கின்றனர். அவர்கள் செய்த வேலையைக் கூட்டுறவு நெறியில் நிற்கும் நாம் அறிந்துகொள்வது நலம் என்பது முதற் காரணம். அத்தகைய நோய் ஒன்று நம் அண்டை மாநிலத்துக் காடுகளில் இருந்துகொண்டு, நீலகிரியின் எல்லையையும் எட்டிப் பார்த்திருக்கிறது என்பது இரண்டாவது காரணம்.

லைம் ஊரின் தாய்மார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையில் கனெக்டிகட் என்றொரு மாநிலம் உண்டு. அதே பெயருடைய ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து, காடும் புல்வெளியும் சூழ அமைந்த சிற்றூர் லைம். அவ்வூரில் பாலி முர்ரே என்ற பெண்மணி கணவரோடும் நான்கு குழந்தைகளோடும் வாழ்ந்துவந்தார். அவர் ஓவியக் கலை பயின்றவர். பல ஆண்டுகளாக அவருக்கும், பின்னர் அவர் குடும்பத்தார்க்கும் காய்ச்சலும் தோலில் தடிப்பும் மூட்டு வீக்கமும் மாறி மாறி வந்தன. டாக்டர்கள் பலரிடம் சென்றார். இன்ன நோய் என்று எவராலும் கூறக்கூடவில்லை. நோய் உடம்பில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களும் உண்டு.

அவர் சோர்ந்துவிடவில்லை. தம் வீட்டில் யாருக்கு எந்த மாதத்தில் என்ன வந்தது என்று குறித்து வைக்கலானார். அண்டை வீடுகளிலும் இதே துன்பம் இருப்பதை விசாரித்து அறிந்து, அவற்றையும் எழுதி வைத்தார். 1975-ஆம் ஆண்டு அக்குறிப்புகளோடு மாநிலச் சுகாதார இலாகாவிடம் முறையிட்டார். அதே சமயத்தில் ஜூடித் மென்ஷ் என்ற மற்றொரு தாயும், தம் மகளைப் போலவே அயல்வீட்டுக் குழந்தைகள் பலரும் மூட்டு வாதத்தால் துன்புறுவதைத் தனியே தெரிவித்தார். இருவர் வாய்மொழியும் ஒத்திருந்தமையால் அதிகாரிகள் கவனம் கொண்டனர்.

ஏல் பல்கலைக்கழகத்து டாக்டர் ஆலன் ஸ்டீர் முதலானோர் ஆராய்ச்சியில் இறங்கினர். அடுத்தடுத்து அமைந்த மூன்று ஊர்களில் 51 பேர் இந்நோயால் பீடிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் 39 பேர் குழந்தைகள். சில கிராமச் சாலைகளை ஒட்டிய வீடுகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு குழந்தை என்ற வீதத்தில் நோய் கண்டிருந்தது. பெரும்பாலோர்க்குக் கோடைப் பருவத்திலும் அதனை அடுத்தும் நோய் தொடங்கிற்று. இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, கடிக்கும் சிற்றுயிர் ஒன்றே இதனைப் பரப்புகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஆராய்ச்சி 1977-இல் வெளியாயிற்று. ஊரின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

நோயின் மூலத்தைக் கண்டவர் வில்லி புர்க்டார்ஃபர். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்க அரசாங்கத்தின் மொன்டானா ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய அவர், 1981-இல் நியூயார்க் மாநிலத்து ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்துப் பார்க்கையில், திருகுச்சுருள் வடிவிலான நுண்கிருமிகளைக் கண்டார். மறு ஆண்டு அதனை உலகறிய வெளியிட்டார். 1984-இல் அக்கிருமிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. நுண்பெருக்காடி கிருமியைக் காட்டியது பின்னால்தான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, நோய் இருக்கிறது என்பதைக் காட்டியவை இரண்டு தாய்மாரின் குறிப்புகள். துன்பப்படுகிறவர் எழுதி வைக்கும் கணக்கிற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை அறிவுலகம் அன்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கசகசா அளவுள்ள பகைவன்

லைம் நோயைப் பரப்பும் உண்ணி நம் மாட்டுண்ணியினும் சிறியது. முட்டையிலிருந்து வெளிவந்து முதிர்ந்து மடிவதற்குள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். குஞ்சு, இளவுயிர், முதிர்ந்த உண்ணி என்று மூன்று நிலைகள். நிலை ஒவ்வொன்றிலும் ஒரு முறைதான் அது குருதி குடிக்கிறது. குஞ்சாகப் பிறக்கும்போது அதனிடம் லைம் நோய்க் கிருமி இல்லை. காட்டு எலியொன்றின் மேல் ஏறிக் குருதி உண்ணும்போது எலியிடமிருந்து கிருமியைப் பெறுகிறது. அடுத்த நிலையில் மனிதரைக் கடிக்குமானால் அதனை நம் உடம்பில் செலுத்துகிறது. அந்த நிலையில் அதன் பருமன் ஒரு கசகசா விதை அளவே. கடிக்கும்போது வலிப்பதுமில்லை. ஆதலின் பலர் தம்மை உண்ணி கடித்ததையே அறியார்.

முதிர்ந்த உண்ணிகள் மான்களின் மேல் ஏறி உண்டு பெருகுகின்றன. மானிடமிருந்து உண்ணிக்குக் கிருமி தொற்றுவதில்லை. எனினும் மான் மிகுந்தால் உண்ணி மிகும். கைவிட்ட வயல்கள் மீண்டும் காடாகி, மான்கள் பெருகி, அக்காட்டின் நடுவிலேயே மக்கள் வீடு கட்டிக்கொண்டு குடியேறியது அந்நாட்டில் இந்நோய் பரவுவதற்குப் பெருங்காரணம் என்பர்.

பொதுவாக இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் உண்ணி உடம்பில் ஒட்டியிருந்தால்தான் லைம் நோய்க் கிருமி உட்புகுகிறது. ஆதலால் அன்றன்றே உடம்பைச் சோதித்து உண்ணியை நீக்குவதே தலைசிறந்த தற்காப்பு. பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கடிவாயைச் சுற்றிச் செந்நிறத் தடிப்பு வட்டமாக விரிந்துகொண்டே போகும். இந்த நிலையிலேயே கண்டுகொண்டால் டாக்ஸிசைக்லின் முதலிய சாதாரண மருந்துகளால் இரண்டு மூன்று வாரச் சிகிச்சையில் பெரும்பாலோர் குணமடைவர். கவனியாது விட்டால் மூட்டுக்களையும் நரம்புகளையும் இருதயத்தையும் தாக்கும். 2010 முதல் 2018 வரை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 இலட்சத்து 76 ஆயிரம் பேர் இந்நோய்க்காகச் சிகிச்சை பெற்றிருக்கலாம் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு இலாகாவின் மதிப்பீடு.

நிதி திரட்டும் சங்கங்கள்

இவ்வளவு பேரை வாட்டும் நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் தானே வந்து குவியும் என்று நாம் எண்ணக்கூடும். அங்ஙனம் நிகழவில்லை. உயிரைச் சட்டெனக் கொள்ளும் நோயன்று இது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் சமமாகப் பரவியதுமன்று. தோட்டத்திலும் காட்டோரத்திலும் நடமாடுவோரையே பெரிதும் பற்றுவது. இரத்தச் சோதனையோ முதற்சில வாரங்களில் நோயைக் காட்டத் தவறுகிறது. 1998-இல் அனுமதி பெற்ற ஒரு தடுப்பூசியும் போதிய விற்பனையின்மையாலும் அதனைப் பற்றி எழுந்த ஐயங்களாலும் 2002-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இலாபம் தெளிவாகத் தெரியாத இடத்தில் வியாபாரிகள் கால் வைக்கத் தயங்குவது இயல்பு. அரசாங்கமோ பல நோய்களுக்குப் பங்கிட வேண்டிய பணத்தில் ஒரு பகுதியையே இதற்குத் தர இயலும்.

இந்த இடைவெளியை நிரப்பவே சங்கங்கள் தோன்றின. 1998-இல் கனெக்டிகட் மாநிலத்துக் கிரீனிச் நகரில் 'டைம் ஃபார் லைம்' என்ற ஸ்தாபனம் எழுந்தது. நியூஜெர்சியில் லைம் நோய்ச் சங்கம் என்னும் மற்றொன்று தொண்டர்களைக் கொண்டே இயங்கிவந்தது. நோயுற்றவர்களும் அவர்தம் பெற்றோரும் உற்றாருமே இத்தகைய சங்கங்களின் தூண்கள். விருந்துகள் நடத்தினர், நடைப்பயணமும் ஓட்டப் பந்தயமும் அமைத்தனர், பள்ளிக்கூடங்களில் பேசினர், துண்டுப் பிரசுரங்கள் வழங்கினர். இவ்விரு சங்கங்களும் கைகோத்துத் திரட்டிய மூலதனத்தால் 2007-இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உண்ணி நோய்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கிரீனிச் நகரத்துச் சங்கம் பின்னர் வேறொரு சங்கத்தோடு ஒன்றாகி, 2015 முதல் உலக லைம் கூட்டணி என்ற பெயரில் பணி புரியலாயிற்று. சிறு சங்கங்கள் தனித்தனியே அலுவலகமும் சிப்பந்திகளும் வைத்துச் செலவிடுவதினும், ஒன்றாகி நின்று செலவைச் சுருக்குவது நன்று என்ற பாடத்தை நாமும் அறிவோம்.

மே மாதத்தை இந்நோய் பற்றிய விழிப்பு மாதமாக இச்சங்கங்கள் கொண்டாடுகின்றன. உண்ணிகள் மிகுந்து கடிக்கும் பருவத்தின் தொடக்கம் அது. ஆங்கிலத்தில் ஊரின் பெயரும் எலுமிச்சை வகையொன்றின் பெயரும் ஒரே ஒலியுடையன. ஆதலின் 2015-இல் எலுமிச்சைத் துண்டைக் கடித்து முகம் சுளித்துப் படம் எடுத்து, தம் நண்பர்களையும் அவ்வாறு செய்து பொருள் தருமாறு அழைக்கும் வேடிக்கையான இயக்கம் ஒன்றும் நடந்தது. வேடிக்கையாயினும், அந்நோயின் பெயரையே கேட்டிராத பலர் செவியில் அது விழுந்தது.

அஞ்சலில் வந்த பதினாறாயிரம் உண்ணிகள்

பொருள் கொடுப்பது ஒன்றே பொதுமக்கள் செய்யக்கூடிய உதவி என்று கருதலாகாது. கலிபோர்னியாவில் இயங்கும் பே ஏரியா லைம் அறநிலையம் செய்த ஓர் ஏற்பாடு நம் உள்ளத்தைக் கவர்கிறது. உங்களைக் கடித்த உண்ணியை அஞ்சலில் அனுப்புங்கள், அதனிடம் நோய்க் கிருமி உண்டா என்று கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறோம் என்று 2016-இல் அந்நிலையம் அறிவித்தது. சோதனையை அரிசோனா மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்றது. 2017 ஆகஸ்டு முடிய 49 மாநிலங்களிலிருந்து 16,080 உண்ணிகள் வந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்தபோது, நோய் பரப்பும் உண்ணி இல்லையென்று அதுகாறும் கருதப்பட்டுவந்த 83 ஜில்லாக்களில் அது இருப்பது புலனாயிற்று. முடிவுகள் 2018-இல் அச்சாயின.

சம்பளம் கொடுத்து ஆட்களை அனுப்பி நாடெங்கும் உண்ணி பிடிக்கச் செய்வதாயின் எவ்வளவு செலவாகும்! அதனை ஒரு சிறு உறையும் அஞ்சல் தலையும் செய்து முடித்தன. ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு உண்ணி அனுப்பியமையால் ஒரு தேசப்படம் உருவாயிற்று. நூறு பேர் ஆளுக்கொரு பங்கு எடுத்துச் சங்கம் அமைப்பதும் இதே தத்துவந்தான்.

பிரிட்டனிலும் இத்தகைய ஒரு நற்செயல் நிகழ்ந்தது. எதனை ஆராய வேண்டும் என்பதை ஆராய்ச்சியாளர் மட்டுமே தீர்மானிப்பது வழக்கம். 2012-இல் அந்நாட்டு லைம் நோய்ச் சங்கம் ஒன்று நோயாளிகளையும் டாக்டர்களையும் ஒரே மேடையில் அமரச் செய்தது. விடை தெரியாத கேள்விகளையெல்லாம் பட்டியலிட்டு, அவற்றுள் முதன்மையான பத்தை இரு சாராரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தனர். மகாசபையில் அங்கத்தினர் கூடித் தீர்மானம் நிறைவேற்றும் முறையோடு இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

சிறு நிதியின் வேலை

ஓர் ஐயம் எழக்கூடும். அரசாங்கங்கள் கோடி கோடியாகச் செலவிடும் துறையில் சங்கங்கள் திரட்டும் சிறு பணம் என்ன செய்துவிடும்? நாற்றங்காலின் பரப்பு சிறிது, நடவு வயலின் பரப்பு பெரிது. ஆயினும் நாற்றங்கால் இன்றி நடவு இல்லை. புதிய யோசனையுடைய இளம் ஆராய்ச்சியாளர்க்கு அரசாங்கம் எடுத்த எடுப்பில் பணம் கொடுப்பது அரிது. முதலில் ஓரளவேனும் செய்து காட்டியிருக்க வேண்டும். அந்த முதற் சோதனைக்கு உதவுவதே சங்கங்கள் தரும் சிறு மானியம். அதில் நற்பயன் தோன்றினால், அதனைக் காட்டி அரசாங்கத்திடம் பெருந்தொகை கோரலாம். நோயாளிகள் மனமுவந்து தரும் இரத்த மாதிரிகளைச் சேமித்து வைத்து, தகுதியுடைய ஆராய்ச்சியாளர்க்கு வழங்கும் சேமிப்பு நிலையமும் இவ்வகை உதவியே.

சங்கங்களின் குரல் அரசாங்கத்தின் செவியையும் எட்டிற்று. 2016-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, நோயாளிகளின் பிரதிநிதிகளும் இடம்பெற்ற ஒரு குழு அமைக்கப்பட்டு, 2018, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் காங்கிரசுக்கு அறிக்கை சமர்ப்பித்தது. கே ஹேகன் என்ற முன்னாள் செனட்டர், உண்ணியால் பரவும் போவாசன் என்னும் மூளைக் காய்ச்சலுற்று 2019 அக்டோபரில் காலமானார். அக்கிருமி உண்ணி கடித்த கால் மணி நேரத்திலேயே உட்புகக்கூடியது. அதற்கென்று மருந்தும் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் உண்ணி நோய்களைத் தடுப்பதற்கான சட்டம் அவர் பெயரால் நிறைவேறிற்று. 2020-இல் அமெரிக்கச் சுகாதார இலாகாவும் கோஹன் குடும்ப அறநிலையமும் சேர்ந்து, நோயறியும் சோதனைகளைச் செப்பம் செய்வது முதலிய பணிகளுக்காக 2 கோடியே 50 இலட்சம் டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தன.

எச்சரிக்கை ஒன்று

நல்ல நோக்கம் ஒன்றே போதாது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. சிகிச்சை முடிந்த பின்னும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அயர்ச்சியும் வலியும் நீடிக்கின்றன. அதன் காரணம் இன்னும் முற்றும் விளங்கவில்லை. துன்பம் உண்மை, விடை இல்லை. இந்த நிலையில்தான் போலி வைத்தியர்கள் புகுந்து விளையாடுவார்கள். மாதக்கணக்கில் ஊசி வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றிக் கொள்ளுமாறு சிலர் தூண்டினர். 2001-இல் வெளியான அமெரிக்கச் சோதனையும் 2016-இல் வெளியான டச்சுச் சோதனையும் நீண்ட காலம் மருந்து கொடுப்பதால் அதிகப் பயன் இல்லை என்று காட்டின. அவ்வகைச் சிகிச்சையால் கடுங்கேடு நேர்ந்தவர்களும் உண்டு. இது குறித்து நோயாளிகளில் ஒரு சாராரும் மருத்துவச் சங்கங்களும் பல ஆண்டுகள் பிணங்கி நின்றனர்.

பிறர் துயரைக் கண்டு மனமிரங்கித் தரும் பணம் யாருடைய கையில் சேருகிறது, எதற்குச் செலவாகிறது என்பதை ஆராய்வது ஈகைக்கு இழுக்கன்று, அதற்குக் காவல். தரும ஸ்தாபனங்கள் ஆண்டுதோறும் வருமான வரி இலாகாவுக்கு அனுப்பும் கணக்கை எவர் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மானியக் கோரிக்கைகளை அத்துறை அறிந்த அறிஞர் குழுவிடம் காட்டி, அவர்கள் தேர்ந்தவற்றிற்கே பணம் அளிக்கும் ஸ்தாபனமே நம்பத்தக்கது. தணிக்கை அதிகாரியின் வருகையைச் சுமையென்று முணுமுணுக்கும் நம் நிர்வாகிகள் சிலர் இதனைச் சிந்திப்பாராக.

நம் எல்லையில் உள்ள நோய்

இனி நம் பக்கம் திரும்புவோம். 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநிலத்துச் சிவமோகா ஜில்லா சொரப தாலுகாவில், கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் கூட்டமாக மடிந்தன. அடுத்த சில நாட்களில் அக்காட்டை ஒட்டிய கிராமத்தார் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். புனே நகரத்து வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் விரைந்து சென்றனர். ஆப்பிரிக்காவின் மஞ்சட் காய்ச்சலோ என்று முதலில் அஞ்சினர். ஆராய்ந்ததில் அது உண்ணியால் பரவும் புதியதொரு வைரஸ் என்று தெளிந்தது. காட்டின் பெயரே நோயின் பெயராயிற்று. கன்னட மக்கள் 'மங்கன காயிலே' என்றனர். நாம் குரங்குக் காய்ச்சல் என்போம்.

லைம் நோய்க்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வியப்பூட்டுவது. அங்கே காட்டு எலி கிருமியைச் சுமக்கிறது, மான் உண்ணியைப் பெருக்குகிறது. இங்கே சிறு பிராணிகளும் குரங்குகளும் கிருமியைச் சுமக்கின்றன. காட்டில் மேயும் நம் மாடுகளோ நோயுறாமலே உண்ணியைப் பெருக்குகின்றன. குரங்கு மடிந்து வீழ்ந்தால் அதன் உடம்பிலுள்ள உண்ணிகள் இறங்கி அவ்விடமெங்கும் பரவும். விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் தொழுவத்துக்குச் சருகு வாரவும் செல்வோரை அவை பற்றிக்கொள்ளும். டிசம்பர் முதல் மே வரை இதன் பருவம். காய்ச்சல் கண்டவர்களில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். லைம் நோய்க்கு மருந்துண்டு. இதற்கென்று தனி மருந்து இல்லை. பல்லாண்டு இடப்பட்டுவந்த தடுப்பூசியும் போதிய பயன் தராமையால் 2022-இல் நிறுத்தப்பட்டது. புதிய தடுப்பூசி ஆக்கும் முயற்சி நடைபெறுகிறது.

விவசாயிகள் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று. 1982-ஐ அடுத்த ஆண்டுகளில் தென்கன்னட ஜில்லாவில் காட்டை வெட்டி முந்திரி பயிரிட்ட இடத்தை ஒட்டி இந்நோய் பெருகி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். நெடுநாள் கர்நாடகத்தின் சில ஜில்லாக்களோடு நின்றிருந்த இந்நோய் 2012-இல் பந்திப்பூரிலும், நீலகிரி ஜில்லா முதுமலைக் காட்டுக் குரங்குகளிடத்தும் தென்பட்டது. 2013-இல் வயநாட்டிலும், 2015-இல் கோவாவிலும், 2016-இல் மகாராஷ்டிரத்துச் சிந்துதுர்க்க ஜில்லாவிலும் கண்டது. கோவாவிலும் சிந்துதுர்க்கத்திலும் பாதிக்கப்பட்டோரில் முந்திரித் தோட்டங்களில் உழைப்போர் பலர்.

நம் மாநிலத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் வழங்குவது பெரும்பாலும் வேறொரு நோய் என்பதையும் அறிதல் வேண்டும். புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிரின் குஞ்சு கடிப்பதால் வருவது அது. மாட்டுண்ணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று காணப்படலாம். காலத்தில் டாக்டரிடம் சென்றால் டாக்ஸிசைக்லினால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

நாம் செய்யத்தக்கவை

காட்டோரத்தில் உழைப்போர் கைகால் மூடும் ஆடை அணிதல் வேண்டும். வீடு திரும்பியதும் ஆடையை வெந்நீரில் அலசி, சோப்பிட்டுக் குளித்து, காதின் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். குழந்தைகளைத் தாய்மார் சோதிப்பாராக. உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் தவறு. நுனி கூர்ந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்து, கடிவாயைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். விரலால் நசுக்குதல் கூடாது. நோய் கண்ட பகுதிகளில் காட்டுச் சருகைத் தொழுவத்தில் பரப்புவதை விடுதல் நலம். காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் தொடாமல், வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ உடனே தெரிவித்தல் வேண்டும். காய்ச்சல் கண்டவர் டாக்டரிடம் தாம் காட்டுக்குச் சென்றதையும் உண்ணி கடித்ததையும் தவறாமல் சொல்ல வேண்டும். கேட்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இவையெல்லாம் தனியொருவர் செய்யக்கூடியவை. சங்கமாக நாம் செய்யக்கூடியவையும் உண்டு. நிகர இலாபத்திலிருந்து கல்வி நிதியும் பொது நன்மை நிதியும் ஒதுக்குவது நம் வழக்கம். மலையடிவாரத்தும் காட்டோரத்தும் உள்ள சங்கங்கள் அந்நிதியில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, பருவம் தொடங்குமுன் ஆண்டுக்கொரு முறை கால்நடை டாக்டரையும் சுகாதார அதிகாரியையும் அழைத்து விளக்கக் கூட்டம் நடத்தலாம். பால் சேகரிக்கும் இடத்திலும் நூல் வழங்கும் இடத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டலாம். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எந்த ஊரில், எந்த மாதத்தில், யார் வீட்டில் காய்ச்சல், எங்கே குரங்கு மடிந்தது என்று பதிந்து, மாதந்தோறும் சுகாதார நிலையத்துக்கு ஒரு பிரதி அனுப்பலாம். இதற்கு ஒரு பேனாவும் சிறிது பொறுப்புணர்ச்சியும் போதும்.

நெசவாளராகிய அங்கத்தினர், காட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக்கூடும். தறியில் அமர்ந்திருப்பவர் வீட்டு மாட்டை மேய்ப்பவர் வேறொருவர், அவர் வீட்டு அடுப்புக்கு விறகு கொண்டுவருபவர் மற்றொருவர். ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால் அக்குடும்பத்தின் கூலியும் கடன் தவணையும் நிற்கின்றன. அதன் பாரம் முடிவில் சங்கத்தின் பேரேட்டிலேயே வந்து ஏறுகிறது. ஆதலின் இது எல்லோருக்கும் உரிய கவலை.

லைம் ஊரில் இரண்டு தாய்மார் எழுதி வைத்த குறிப்புகளைப் பின்பற்றி ஊரார் கூடினர், ஊரார் கூடியதால் நிதி சேர்ந்தது, நிதி சேர்ந்ததால் ஆராய்ச்சி பிறந்தது. வரப்போகும் மகாசபைகளில் பொது நன்மை நிதியைப் பற்றிய தீர்மானம் எடுக்கப்படும்போது, மலையை அடுத்த சங்கங்களின் அங்கத்தினர் எவரேனும் எழுந்து இவ்விஷயத்தைப் பிரஸ்தாபிப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர் ஒருவராயினும், இரண்டாமவர் அதனை ஆமோதிக்க எழுந்தால் வேலை தொடங்கிவிடும்.